காரின் திரையில் உன் பெயர்

ரூபன், நேற்று மதியம் நீ கூப்பிட்டபோது "வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் வைத்துவிட்டேன். நீ கேட்டது இரண்டே கேள்வி. "காடி வித்தாச்சாம்மா?" என்று காரைப் பற்றிக் கேட்டாய். நான் "என்னடா?" என்று இழுக்கவும், "ஏன் உங்க குரல் கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி கேக்குது? எங்க இருக்கீங்க?" என்றாய். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதை ஃபோனில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஃபோனில் நான் ஒரு வாக்கியத்தைப் பாதிவரை கொண்டுபோவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். அந்தச் "சரிம்மா"வைக் கேட்டதும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும், கோபம் மட்டும் ஞாபகம் இருக்கும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் இன்றைக்குக் கடைகளுக்கு மாவு கொடுத்துவிட்டு வந்ததும் வராததுமாக மாவுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படி. நின்றுகொண்டு படிக்காதே.

பி.ஆர். கிடைத்துவிட்டது என்று நீ சொன்ன அன்றைக்கே, அடுத்த மூச்சில், "இனிமே அந்தக் காடி எதுக்கும்மா, வித்துருங்க" என்றாய். நல்ல செய்திதான். கோயிலில் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்லி, எல்லாருக்கும் கேசரி கொடுத்தேன். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில், என் மகனுக்கு நிரந்தரமாக இருக்க இடம் கொடுத்துவிட்டார்கள் என்று நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரிடமும் சொல்லவில்லை. கார் வாசலில் இருக்கிறவரை நீ வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறாய். கார் போய்விட்டால் நீ போய்விட்டாய். எனக்கு அது அப்படித்தான் பட்டது. அதனால்தான் ஒவ்வொரு வாரமும் "போர்டு மாட்டியிருக்கேன், ஆள் வரலடா" என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். போர்டு எதுவும் நான் மாட்டவில்லை. அட்டை வாங்கினேன், அது உண்மை. அதன் மேல் மிளகாய் காயப்போட்டிருக்கிறேன்.

அந்தக் காரை நீ எப்படிக் கொண்டுவந்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? சுங்கை ஊடாங்கில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்த புதிதில், யாரோ ஓட்டித் தள்ளிய கார். இருக்கையில் சிகரெட் பொத்தல், கூரைத் துணி தொங்குகிறது. வேறு பிள்ளையாக இருந்தால் முதலில் டயர் மாற்றுவான், பிரேக் பார்ப்பான். நீ முதல் சனிக்கிழமையே டேஷ்போர்டைக் கழற்றி வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய், ரேடியோ சரியில்லை என்று. எனக்கு வந்த ஆத்திரம்! "ஓடறதுக்கு வாங்கினியா, பாடறதுக்கு வாங்கினியா?" என்று கேட்டேன். உன் வாயில் ஸ்க்ரூ இருந்தது. ஆலை லாரியை நிறுத்திவிட்டு வந்த உன் அப்பா, குளிக்கக்கூடப் போகாமல், உன் பின்னால் வந்து நின்றார். காரோடு வந்த கம்பெனி வயரை வெட்டி, புது பிளேயரின் வயரோடு முறுக்கி டேப் ஒட்டப் போனாய். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்றாய். அவர் உன் கையிலிருந்து கட்டரை வாங்கிக்கொண்டார்.

"வயர வெட்டாதடா. நடுவுல ஒரு சாக்கெட்டு போடு. நாளைக்கு வேணாம்னா உருவிட்டு பழையத மாட்டிக்கலாம்" என்றார். அந்தச் சாக்கெட்டுக்காக நீ பாச்சாங்குக்குப் போக வேண்டியதாயிற்று. ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டுக்கு நம் ஊர் ஜாசினிலிருந்து மலாக்கா டவுன் வரைக்கும் பஸ் ஏறிப் போகிறானே என்று நான் முணுமுணுத்தேன். அன்றைக்குத்தான் குணாவின் கார் ரேடியோக் கடை உனக்குப் பழக்கமானது. அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமை நீ வீட்டில் இருந்தாய், சொல்.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் கதவு ஸ்பீக்கர்கள். கதவுத் தகடு அதிரக் கூடாது என்று உள்ளே கறுப்பாக ஏதோ தாளை வெட்டி வெட்டி ஒட்டினாய். தாமான் வீடுகள் முழுக்கத் தார் நாற்றம். பிறகு இருக்கைக்கு அடியில், சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப். அதற்கப்புறம் அந்தப் பெட்டி. காரின் பின்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, கம்பளி போர்த்திய சவப்பெட்டி மாதிரி, பெரிய ஸ்பீக்கர் வைத்த அந்த ஊஃபர் பெட்டி. அப்போது நான் ஸ்கூல் கேண்டீன் நடத்திக்கொண்டிருந்தேன். காலையில் நீதான் என்னை இறக்கிவிட்டு வேலைக்குப் போவாய். பாத்திரங்கள் வைக்க இடமில்லை. பின் சீட்டில் சாம்பார் அண்டாவை உட்கார வைத்து, அதற்கு நீ சீட் பெல்ட் மாட்டினாய். "அம்மா, இது நம்ம குடும்பத்துல ஒரு ஆளு" என்றாய். அண்டா சீட்டில், நான் முன்னால் மடியில் சட்னி வாளியோடு. நீ பாட்டைப் போட்டதும் மடியிலிருந்த சட்னி நடுங்கியது. சிக்னலில் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, அண்டாவைப் பார்த்து, சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் கூனிக் குறுகிப்போனேன் என்று அன்றைக்குச் சொன்னேன். இப்போது அதை நினைத்தால் தனியாகச் சிரிக்கிறேன். தனியாகச் சிரிப்பது ஒரு சங்கடமான காரியம், ரூபன். முடிந்ததும் வீடு முன்பைவிட அமைதியாகிவிடுகிறது.

உன் அப்பா போன பிறகு நீ அந்தப் பாட்டையெல்லாம் சத்தமாக வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் வாசலில் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாய். நான் சன்னல் வழியாகப் பார்ப்பேன். ஒருநாள் டீ கொண்டுவந்து கொடுத்தபோது, சத்தமே கேட்காததால் செட் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன். "ஓடுதும்மா. உள்ள உக்காருங்க" என்றாய். உட்கார்ந்தேன். ஒரு வயலின், அதுவும் தூரத்தில். "நல்ல செட்டுன்னா சத்தமா கேக்கறது இல்லம்மா. பாட்டுக்கு நடுவுல ஒண்ணும் இல்லாத இடம் வரும் பாருங்க, அதுவும் கேக்கணும்" என்றாய். இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு டீ கிளாஸை வாங்கிக்கொண்டு போய்விட்டேன். நேற்றுத்தான் நீ சொன்னது எனக்குப் புரிந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

நீ பெர்த்துக்குக் கிளம்பிய அன்றைக்கு விமான நிலையத்தில் உன் பழைய ஃபோனை என் கையில் கொடுத்தாய். நீ புதிது வாங்கியிருந்தாய். என்னுடையது பொத்தான் ஃபோன், அதில் முகம் பார்த்துப் பேச முடியாது என்று. "தேவையில்லாததையெல்லாம் ஆஃப் பண்ணிட்டேம்மா, பேட்டரி நிக்கும். எதையும் தொடாதீங்க" என்றாய். நான் எதையும் தொடவில்லை. பச்சையைத் தொட்டால் நீ, சிவப்பைத் தொட்டால் நீ இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இன்னொன்றும் சொன்னாய்: காரை வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வையுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும் என்று. அதையும் தவறாமல் செய்தேன். எப்போதாவது கோயிலுக்கும் பசாருக்கும் ஓட்டினேன், மற்றபடி வாசலில் ஸ்டார்ட் பண்ணிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன்.

சாவியைத் திருகியதும் உன் பிளேயரின் திரை நீலமாக விழிக்கும். ஒரு வட்டம் சுற்றும். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் தேடுகிறேன் என்று வரும், அடுத்து உன் பெயர் வரும். ரூபன். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காருக்கு உன்னைத் தெரிந்திருக்கிறது, நீ வந்து உட்கார்ந்திருக்கிறாயா என்று பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "அவன் இங்க இல்லலா, பெர்த்ல இருக்கான்" என்று அதற்குப் பதில் சொன்னேன். சிரிக்காதே. வாரா வாரம் சொன்னேன். சில நாள் திட்டியும் இருக்கிறேன்: "சொன்னா கேக்க மாட்டியா? போன கிறிஸ்மஸுக்கு வர்றேன்னான், ஷிப்ட் மாறிடுச்சு. அதுக்கு முந்தின கிறிஸ்மஸுக்கும் அதே கதை. நீ என்னமோ தேடிக்கிட்டே இருக்க." அந்த வட்டம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, சலித்துப்போய், தானாக ரேடியோவுக்குப் போய்விடும். அது சலிக்கிறவரை நானும் உட்கார்ந்திருப்பேன். அதற்கு முன்னால் இறங்கிப் போனால் பாதியில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். மற்றவர்களுக்கு வியாதிக்காரரைப் பார்க்கப் போகிற வேலை இருக்கும், பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற வேலை இருக்கும். எனக்குச் சனிக்கிழமை இந்த வேலை.

போர்டு மாட்டாமலே ஆள் வந்துவிட்டது. பின் தெருவில் குடிவந்த மலாய்க்காரப் பையனும் அவன் மனைவியும், இடுப்பில் கைக்குழந்தை. வாரத்துக்கு ஒரு தடவைதான் இந்தக் கார் உறுமுகிறது, விற்பீர்களா மக்சிக் என்று, என்னை அத்தை முறை வைத்து, மலாயில் கேட்டார்கள். நல்ல பிள்ளைகள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள், நான் கொடுத்த வடையைச் சாப்பிட்டார்கள். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் அந்தப் பெட்டியும் பாட்டுச் சாமான்களும் வேண்டாம், குழந்தையின் தள்ளுவண்டி வைக்க இடம் வேண்டும் என்றார்கள். அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தது. என்ன சொல்ல முடியும்? கழற்றிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு மனதை ஒருவழியாகக் கல்லாக்கிக்கொண்டேன், மகன் சொன்னான், ஆளும் வந்தாயிற்று, இனி என்ன என்று.

அப்படித்தான் குணா கடைக்குப் போனேன். ஆயர் குரோ சாலையில் லாரிகளுக்கு நடுவில் அவ்வளவு தூரம் ஓட்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. குணா இப்போது தொப்பை போட்டுவிட்டான். கடையும் பெரிதாகிவிட்டது. காரைப் பார்த்ததும் வேகமாக வெளியே வந்தவன், ஓட்டுகிற பக்கம் குனிந்து பார்த்தான். நான் இருந்தேன். அவன் முகம் ஒரு கணம் மாறியதை நான் பார்த்தேன். உன்னை எதிர்பார்த்து வந்திருக்கிறான். நான் மட்டும்தான் அப்படிப் பார்க்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"வாங்க ஆன்ட்டி. ரூபன் எப்ப வர்றான்?"

"அவன் அங்கேயே இருக்கப் போறான்பா. காடிய விக்கறேன். எல்லாத்தையும் கழட்டிக் குடு."

அவன் முதலில் பின்னால் இருந்த பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தான். அப்புறம் முன்னால் உட்கார்ந்து, பிளேயரைச் சுற்றியிருந்த சட்டத்தை நெம்பி எடுத்து, பிளேயரைப் பாதி வெளியே இழுத்தான். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தவன் சிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "இங்க வந்து பாருங்க ஆன்ட்டி. எவ்வளவு அப்கிரேட் பண்ணியிருக்கான், ஆனா கம்பெனி வயர்ல ஒண்ணுகூட வெட்டல. எல்லாம் சாக்கெட்டு. எங்கிட்ட வர்ற காடியெல்லாம் உள்ள கொடலு உருவின மாதிரி இருக்கும். இத உருவிட்டு பழைய ரேடியோவ சொருகினா அப்படியே ஓடும்." நான் தலையை நுழைத்துப் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும், வண்ண வண்ணமாக வயர்கள், நடுவில் அந்த வெள்ளை பிளாஸ்டிக் துண்டு. உன் அப்பா உன் கையிலிருந்து கட்டரை வாங்கியது மட்டும் தெரிந்தது. அந்தப் பழைய ரேடியோவை ஒரு துண்டில் சுற்றி என் புடவை அலமாரியில் நான் இன்னும் வைத்திருக்கிறேன். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

கழற்றுவதற்கு முன்னால் சாவியைப் போட்டு பிளேயரை ஓடவிட்டான். வட்டம் சுற்றியது, உன் பெயர் வந்தது. "மொதல்ல இத அழிச்சிருவோம் ஆன்ட்டி. விக்கிற சாமான்ல நம்ம பேரு இருக்கக் கூடாது" என்று விரலைத் திரையில் வைக்கப் போனான். அவன் கையைப் பிடித்துவிட்டேன், ரூபன். எனக்கே அது எதிர்பாராதது. வளர்ந்த ஆண்பிள்ளையின் கையை, கடையில், நாலு பேர் பார்க்க. "வேணாம்ப்பா. அவன் வந்தா அது தேடணும்ல" என்றேன்.

அவன் மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். "ஆன்ட்டி, இது ஆளத் தேடல. ஃபோனத் தேடுது. அவன் புது ஃபோன் வாங்கியிருந்தான்னா, அவனே வந்து இதுல உக்காந்தாக்கூட இதுக்குத் தெரியாது." வாரா வாரம் நான் உட்கார்ந்திருந்தது நீ வந்தாலும் கண்டுகொள்ளாத ஒன்றுக்குப் பக்கத்தில். அவனிடம் உன்னைக் காட்ட வேண்டும் போல இருந்தது, இப்போது எப்படி இருக்கிறாய், தாடி வைத்திருக்கிறாய் என்று. பையைத் திறந்து ஃபோனை எடுத்தேன். படத்தைத் தேடுவதற்குள் குணா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். மூலையில் விரிசல், பின்னால் அவன் கடை ஸ்டிக்கர் பாதி கிழிந்தது.

"ஆன்ட்டி, இது ரூபன் ஃபோன்லா!"

"ஆமா. எனக்குக் குடுத்துட்டுப் போனான்."

வாங்கினான். எதையோ மேலிருந்து கீழே இழுத்தான், ஒரு இடத்தில் தொட்டான். நீ ஆஃப் செய்ததில் ஒன்றை, புளூடூத்தாம், ஆன் செய்தான். அவ்வளவுதான். சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது. பிளேயருக்குள்ளிருந்து ஒரு சீனப் பொம்பளைக் குரல் ஆங்கிலத்தில் கிடைத்துவிட்டது, சேர்ந்துவிட்டது என்று சொன்னது. திரை முழுக்க உன் பெயர், பெரிதாக. நான் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகத் திரும்பிப் பார்த்தேன், ரூபன். நீ வந்துவிட்டாய் என்று. வாசலில் ஒருவன் டயர் உருட்டிக்கொண்டு போனான்.

பிறகு உன் பாட்டு ஒன்று நடுவிலிருந்து ஓட ஆரம்பித்தது. நீ எங்கே நிறுத்தினாயோ அங்கேயிருந்து. உன் பாட்டெல்லாம் என் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது, தேங்காய்ப் பூப் பொட்டலமும் மருந்துச் சீட்டும் கிடக்கிற இடத்தில். அந்தக் கார் இத்தனை நாள் தேடியது என் மடியில்தான் இருந்திருக்கிறது. நான்தான் அது இங்கே இல்லை, பெர்த்தில் இருக்கிறது என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். மறைக்கவில்லை. மறைக்கிற வயதா எனக்கு? குணா கீழே விழாத ஸ்க்ரூவைத் தேடுகிற மாதிரி சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டான். நல்ல பிள்ளை. கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகளாம் அவனுக்கு. உனக்குச் சொல்லச் சொன்னான்.

நிமிர்ந்ததும், "கழட்டவா ஆன்ட்டி?" என்று கேட்டான். "பெட்டியும் ஆம்பும் போதும். இத விட்டுரு" என்றேன். அப்படிச் சொல்லப் போகிறேன் என்று சொல்கிறவரை எனக்கே தெரியாது. அவன் தலையாட்டிவிட்டு, பிளேயரை உள்ளே தள்ளிச் சட்டத்தை மாட்டினான். பிறகு, "அப்ப பேர மாத்திர்றேன். இனிமே இது உங்க காடி, உங்க ஃபோனு. உங்க பேரு என்ன ஆன்ட்டி?" என்றான். கேட்டபிறகு அவனுக்கே வெட்கமாகிவிட்டது, இத்தனை வருஷப் பழக்கத்தில் என் பெயர் தெரியவில்லையே என்று. அவனைச் சொல்லி என்ன? அந்தப் பெயரை கிளினிக்கில் நம்பர் கூப்பிடுகிற பெண்ணைத் தவிர யாரும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் கேண்டீன் அக்கா. உன் அப்பா கல்யாணமான புதிதில் "இந்தா" என்பார். நீ பிறந்த பிறகு அவருக்கும் தாமானுக்கும் கோயிலுக்கும் எல்லாருக்கும் நான் ரூபன் அம்மா. என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள். யாரோ பழைய ஆளின் பெயர் போல இருந்தது. "இருக்கற பேர அழிக்காத. பின்னால அம்மான்னு சேத்துக்க" என்றேன்.

ஆக, உன் முதல் கேள்விக்குப் பதில்: காரை விற்கவில்லை. விற்கப் போவதும் இல்லை. அந்த மலாய்ப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன், ஓட்ட ஆள் இருக்கிறது என்றேன். மகன் வந்துவிட்டாரா மக்சிக் என்றார்கள். இல்லை, நான்தான் என்றேன். குழந்தைக்கு ஊசி போடப் போகும்போது கூப்பிடுங்கள், கொண்டுபோய் விடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். ஊஃபர் பெட்டி உன் அறையில் இருக்கிறது, அதன் மேல் ஒரு துணி விரித்து இஸ்திரி மேசையாக வைத்துக்கொண்டேன். பின்பக்கம் காலியாகிவிட்டதால் தோசை மாவு அரைத்து ஜாசினில் இரண்டு கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறேன். மாவு வாளிகள் இப்போது மரியாதையாகப் பின்னால் போகின்றன, யாருக்கும் சீட் பெல்ட் கிடையாது. பாட்டும் போட்டுக்கொண்டுதான் போகிறேன். உன் பாட்டில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. அந்த டமடமவென்று வருவதையெல்லாம் தள்ளிவிட்டு அந்த வயலினை மட்டும் கேட்கிறேன்.

நேற்று மாவு போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றிய லாரி, அதைத் தாண்டத் தைரியம் இல்லாமல் பின்னாலேயே ஊர்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று பாட்டு நின்றது, மணி அடித்தது. குணா சொல்லிக் கொடுத்த மாதிரி திரையில் பச்சையைத் தொட்டேன். "அம்மா" என்றாய். நாலு கதவிலிருந்தும் "அம்மா" என்றாய். ஓரமாக நிறுத்திவிட்டேன். காதில் ஃபோனை அழுத்திப் பிடித்துக் கேட்கிறபோது உன் குரல் எப்போதும் எறும்பு மாதிரிதான் கேட்கும். நேற்று நீ காருக்குள் இருந்தாய், பக்கத்துச் சீட்டில், பின் சீட்டில், அண்டா இருந்த இடத்தில். நீ கேட்டாயே, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கிறது என்று? நீ ஒட்டிய கறுப்புத் தாளுக்குள், நீ மாட்டிய ஸ்பீக்கருக்கு நடுவில், நீ ஓட்டிய சீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் பேசினேன். அதுதான் அந்தக் கிணறு.

நான் பேசாமல் இருந்தேன், நீயும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்போதுதான் நீ அன்றைக்குச் சொன்னது கேட்டது, ஒன்றும் இல்லாத இடம். நீ மூச்சு விடுவது கேட்டது. ஒரு கரண்டி தட்டில் படுவது கேட்டது. மைக்ரோவேவ் கூவியது, யாரும் எழுந்து போய்த் திறக்கவில்லை, திரும்பவும் கூவியது. மேசையில் இன்னொரு தட்டுச் சத்தம் இல்லை. டிவி இல்லை, பக்கத்து வீட்டுச் சத்தம் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. "வீட்ல எப்பவும் பசங்க வந்துபோய்க்கிட்டு இருப்பாங்கம்மா, சுசா, கஷ்டம் ஒண்ணும் இல்ல" என்று நீ வாராவாரம் சொல்வாயே, அந்த வீடு அது இல்லை. நீ மதியத்தில் தனியாக உட்கார்ந்து சூடுபண்ணியதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் போர்டு மாட்டியதாகச் சொன்ன பொய்யும் நீ சொன்னதும் ஒரே ஜாதிதான். இதில் கேவலம் என்னவென்றால், உனக்கும் எனக்கும் மணி வித்தியாசம்கூடக் கிடையாது. உனக்கு ஒரு மணி என்றால் எனக்கும் ஒரு மணி. அதே நேரத்தில்தான் நானும் இங்கே ஒற்றைத் தட்டை எடுத்துவைக்கிறேன்.

திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திரும்பி வா என்றும் சொல்லமாட்டேன். உன் அப்பா லாரியில் செத்துச் செத்து ஓட்டியது நீ அவரைப்போல ஓட்டக் கூடாது என்றுதான். பி.ஆர். எடுத்தாய், சந்தோஷம். வீடு வாங்கு, தோட்டம் போடு, உனக்குப் பிடித்த பெண் யாராக இருந்தாலும் கூட்டிவந்து திரையில் காட்டு, எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் நான் சாம்பார் வைக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னென்ன அப்கிரேட் உண்டோ எல்லாம் பண்ணு. ஒன்றே ஒன்று. வயரை வெட்டாதே. எதைப் புதிதாக மாட்டினாலும் நடுவில் ஒரு சாக்கெட் போட்டு மாட்டு. கார் எதுக்கும்மா, வித்துருங்க என்று நீ சொன்னபோது எனக்கு அந்தக் கட்டர் சத்தம்தான் கேட்டது. உன் அப்பா இருந்திருந்தால் கையிலிருந்து வாங்கியிருப்பார். இப்போது நான் வாங்குகிறேன். தனியாகச் சாப்பிடும்போது கூப்பிடு. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போட்டுவிட்டுச் சாப்பிடு. நான் வாசலில் காரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். இரண்டு தட்டுச் சத்தம் கேட்கும்.

குணா இன்னொன்றும் சொன்னான். நீ வந்தால் உன் புது ஃபோனையும் இதில் சேர்த்துவிடலாமாம். எத்தனை பெயரைக் கொடுத்தாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ஃபோனைத்தான் பிடித்துக்கொள்ளுமாம். ஒன்று கிடைத்துவிட்டால் மற்றதைத் தேடாதாம். இப்போதெல்லாம் சாவியைத் திருகினால் வட்டம் சுற்றுவதே இல்லை, உடனே என் பெயர் வந்துவிடுகிறது. அது எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ வருகிறேன் என்று டிக்கெட் போட்டால் முன்கூட்டியே சொல்லிவிடு. நீ வந்து அந்தச் சீட்டில் உட்காருகிற அன்றைக்கு அது உன்னைத் தேட வேண்டும் இல்லையா? நான் என்னுடையதை ஆஃப் பண்ணி வைத்துக்கொள்கிறேன்.

ரூபன் அம்மா